குணசுந்தரி அடித்த வாக்கியம்

குணசுந்தரியை ‘அவள்’ என்றே எழுதுகிறேன். என்னைவிட ஏழு வயது சின்னவள், கோபித்துக்கொள்ள மாட்டாள். என்மேல் கோபப்பட அவளுக்கு வேறொரு காரணம் இருந்தது. அதற்கே கோபப்படாதவள் இதற்கா கோபப்படப் போகிறாள்?

எழுபத்தைந்திலிருந்து எழுபத்தேழு முடிய கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில், ஒரே அறையில், எதிரெதிர் மேசையில் நாங்கள் வேலை பார்த்தோம். அவள் டைப்பிஸ்ட். நான் டெஸ்பாட்ச் கிளார்க் அருணாச்சலம். தொழிற்பேட்டை என்பது அப்போது பெயர்ப்பலகையில் மட்டும்தான் முழுசாக இருந்தது. சவுக்குத் தோப்பை வெட்டிவிட்டு ஆறேழு தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். ரோடு எல்லாம் மணல். லாரி சிக்கிக்கொண்டால் ஆபீஸ்காரர்களும் இறங்கித் தள்ள வேண்டும். மின்சார மோட்டாருக்குள் அடுக்குகிற மெல்லிய இரும்புத் தகடுகளை அச்சில் வைத்து வெட்டும் கம்பெனி எங்களுடையது. எட்டரைக்குச் சங்கு ஊதும். அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் சூளூர்ப்பேட்டை பாசஞ்சரிலிருந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மணலில் வேகமாக நடந்து வருவாள் குணசுந்தரி. இன்று அந்த ரோட்டில் தார் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, போன மாதம் போய்ப் பார்த்தபோது எனக்கு அங்கே ஒரு நிமிஷம்கூட நிற்கப் பிடிக்கவில்லை.

அவள் ஊர் எளாவூருக்கு உள்ளே ஒரு கிராமம். அப்பா மணவாளனுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவாள். அந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். நடவுக்கு வருகிறவர்கள் தடாவிலிருந்து வருவார்கள், வரப்பில் நின்றபடியே தெலுங்கு வந்துவிட்டது அவளுக்கு. மகளுக்கு ரயில்வேயில் வேலை வாங்கிவிட வேண்டுமென்று மணவாளனுக்கு ஆசை. அதற்காக இந்தி பரீட்சைக்குக் கட்டவைத்தார். இரண்டு பரீட்சை தேறினாள். அறுபத்தைந்து வந்தது. ஊர் இருந்த இருப்பில், புத்தகங்களையும் சர்டிபிகேட்டையும் கோணிப்பையில் கட்டிப் பரணில் போட்டுவிட்டார்.

அதே அறுபத்தைந்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், எங்கள் திருப்பாச்சூர்ப் பையன்கள் நாலு பேரோடு போய்த் திருவள்ளூர் ஸ்டேஷன் பலகையில் இந்தி எழுத்தின்மேல் தார் பூசிக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் மூன்று நாள் கையில் பிசுபிசுப்பு போகவில்லை. அதற்காக இன்றும் வருத்தம் கிடையாது. தலையில் கட்டினால் மறுபடியும் பூசுவேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எதிர் மேசைப் பெண்ணுக்கு இந்தி தெரியும் என்று தெரிந்த அன்றிலிருந்து ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்.

அது தெரிந்த விதம் வேடிக்கை. இரும்புத் தகடு ஏற்றிவந்த லாரிக்காரர், ஒரு சர்தார், கேட்டுக்குப் பக்கத்தில் டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குணசுந்தரி நேரே அவரிடம் போனாள். ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதை உங்கள் பஞ்சாபியில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்பதாக உத்தேசம். “முஜே பூக் லகீ ஹை” என்று இந்தியில் ஆரம்பித்தாள். மீதியைச் சொல்வதற்குள் மனுஷன் பதறி எழுந்து, லாரியில் ஏறி, இரண்டு ரொட்டியும் ஒரு வெங்காயமும் எடுத்து அவள் கையில் வைத்துவிட்டார். பசியென்று ஒரு பெண் வந்து நின்றால் இலக்கணமா பார்ப்பார்? அவளும் அதை வாங்கிக்கொண்டு, கேட்க வந்ததையும் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். ஆபீசே சிரித்தது, நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து அவளே பேச்சைத் தொடங்கினாள். கெட்டுப்போன டைப் தாள் ஒன்றின் பின்பக்கத்தை என்முன் வைத்தாள். நாலைந்து வாக்கியங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக, நெல் நாற்று நட்டதுபோல வரிசை பிசகாமல் எழுதியிருந்தது.

“பாருங்க சார். நமக்கு ‘எனக்குப் பசிக்குது’. தெலுங்குல ‘நாக்கு ஆகலேஸ்துந்தி’. வெல்டர் சேட்டன் ‘எனிக்கு விசக்குன்னு’ன்றாரு. இந்தியில ‘முஜே’. அந்த சர்தார் ‘மைனூ’ன்னாரு. எல்லாம் ‘எனக்கு’தான் சார். பசி தானா வருது, நாம ஒண்ணும் செய்யல.”

“இங்கிலீஷ்ல?”

“ஐ ஆம் ஹங்ரி. அவன் ஒருத்தன்தான் சார், அவனே பசியா ஆயிட்றான்.”

என் கோபம் அங்கேயே போய்விட்டது. சிரித்துவிட்டேன்.

அதற்கப்புறம் இதுவே எங்கள் பொழுதுபோக்காகிவிட்டது. கேட்டுக்குள் யார் வந்தாலும் அவளுக்கு அதே கேள்விகள்தான். பசி வந்தால் எப்படிச் சொல்வீர்கள், ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கு என்ன, ‘நீ யார்’ என்பதற்கு என்ன. பேக்கிங் பிரிவில் அங்காளம்மாள் என்று தடாக்காரி ஒருத்தி இருந்தாள். ஒருநாள் நான் கேன்டீனில் “காப்பி கீப்பி இருக்குதா” என்று கேட்டதும் குணசுந்தரி பேனாவை எடுத்துவிட்டாள். அங்காளம்மாளைப் பிடித்துக் கேட்டால், தெலுங்கிலும் ‘பாலு கீலு’வாம். மறுமாதம் சர்தார் வந்தபோது கேட்டாள், அவர்கள் ‘ரோட்டி ஷோட்டி’ என்பார்களாம். “கீப்பின்னா இன்னா சார் அர்த்தம்? ஒண்ணுமில்ல. ஆனா அந்த ஒண்ணுமில்லாதது எல்லாருக்கும் வேண்டிக்கீது” என்றாள். கேன்டீன் நாஷ்டாவைவிட எனக்கு அந்தப் பேச்சு ருசித்தது. இப்போதும் யாராவது காப்பி கீப்பி என்றால் நான் எதிரே பார்க்கிறேன், அந்த மேசை இருக்கிறதா என்று.

எழுபத்தாறு டிசம்பரில் பெரிய பிரஸ் மெஷினை நிறுவ ஜெர்மனியிலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்தார். நல்ல மழை. தொப்பலாக நனைந்து எங்கள் அறையில் ஒதுங்கியவர், தோளைக் குறுக்கிக்கொண்டு தன் பாஷையில் என்னவோ முணுமுணுத்தார். இவள் விடுவாளா? அது என்ன, முதல் வார்த்தைக்கு என்ன பொருள் என்று இங்கிலீஷில் கேட்டாள். ‘மிர் இஸ்ட் கால்ட்’ என்றார். மிர் என்றால் ‘எனக்கு’, எனக்குக் குளிர். குணசுந்தரியின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். தொலைந்த பிள்ளை கிடைத்ததுபோல இருந்தது.

“சார், அவங்களுக்கும் குளுரு வெளியிலேர்ந்துதான் வருது” என்றாள். “எல்லா ஊட்லயும் அடுப்பு இருக்குது, வாசப்படி இருக்குது. எந்த மூலையில வெச்சிக்கீறாங்கன்றதுதான் வேற. நான், நீ, யாரு, இல்ல, இந்த நாலும் இல்லாத பாஷை ஒண்ணு இருந்தா கூட்டினு வாங்க பாக்கலாம்.”

உலகத்து மொழிகளுக்கெல்லாம் பொதுவான கட்டுமானம் ஒன்று இருக்கிறதா என்று பெரிய படிப்பாளிகள் மண்டையை உடைத்துக்கொள்வதாகப் பிற்பாடு என் மகன் சொன்னான். அவளுக்கு அதெல்லாம் தெரியாது. லாரிக்காரர்களைக் கேட்டே கண்டுபிடித்தாள்.

வீட்டில் அவளை வேலையை விட்டுவிடச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அம்மா ஜானகியம்மாளுக்கு இருபத்தேழு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு தூக்கம் வரவில்லை. அவளைக் கல்யாணப் பேச்சிலிருந்து காப்பாற்றி வைத்திருந்தது அந்த டைப்ரைட்டர் ஒன்றுதான். வேலை இருக்கிற வரைக்கும் தள்ளிப்போடலாம். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எழுபத்தேழு ஆவணியில் அச்சு விழுந்தது.

பிரஸ் பிரிவில் ராஜவேலு என்று ஓர் ஆள். பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து வந்தவன். அவன் வீட்டில் கம்பெனிச் சட்டை போட்ட முதல் ஆள் அவன்தான். அந்த ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. பாடு என்று முறை உண்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று. கம்பெனிக்கு வந்தபோது தன் பாட்டைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வந்தான். இங்கே வேலை போனால் அங்கே திரும்பவும் வழியில்லை.

அவன் கையிலிருந்துதான் விழுந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த அச்சு, இரண்டு கை அகலத்துக்கு எஃகு, எண்ணெய் பூசியது. மாற்றும்போது வழுக்கிவிட்டது. ஒரு முனை பிளந்தது. இன்னொன்று வரவழைக்க டில்லியில் லைசென்ஸ் வாங்க வேண்டும், இரண்டு மாதம் மெஷின் சும்மா நிற்கும். சாதாரண நாளாக இருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பார்கள். தொழிற்சங்கம் கேட்டில் கொடி நட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சங்கத்தின் பெயர்ப் பட்டியலில் ராஜவேலு மூன்றாவது. வேண்டுமென்றே போட்டு உடைத்தான் என்று மேலிடத்தில் முடிவுகட்டிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பர்சனல் ஆபீசர் தானியேல் அவனை எங்கள் அறைக்கு அழைத்துவந்து, வாக்குமூலம் எழுதச் சொன்னார். தானியேல் நல்ல மனுஷர், ஆனால் மேலிடம் என்றால் நடுக்கம். ராஜவேலு நின்றபடியே சொன்னான்.

“எண்ணெய் சார். கை வழுக்கிட்ச்சி. உயுந்து பூட்ச்சி.”

சொன்னது அவ்வளவுதான். குணசுந்தரி நேராக இங்கிலீஷில் அடித்தாள். ஐ டிராப்ட் த டை. நான் அச்சைக் கீழே போட்டேன்.

இதை அவள் எப்படிச் செய்தாள் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். அலட்சியம் இல்லை. அதற்கு முன்னால் ஒரு தடவை ‘கண்ணாடி உடைந்தது’ என்று அவள் அடித்த அறிக்கை சிவப்பு மை போட்டுத் திரும்பி வந்திருந்தது. யார் உடைத்தது, இங்கிலீஷ் ஒழுங்காக எழுது என்று. பொன்னேரி இன்ஸ்டிடியூட்டிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களாம், வாக்கியத்தின் தலையில் முதலில் ஓர் ஆளை நிறுத்த வேண்டும் என்று. நல்ல இங்கிலீஷ் எழுத வேண்டுமென்ற பெருமையில் அவள் அன்று ராஜவேலுவைத் தலையில் நிறுத்திவிட்டாள்.

தாளின் அடியில் ‘தமிழில் படித்துக் காட்டப்பட்டது’ என்று வழக்கமான வரி ஒன்று உண்டு. சங்கு ஊத ஐந்து நிமிஷம் இருந்தது. ராஜவேலு கையெழுத்துப் போட்டான். சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்தும் விழுந்தது. யாரும் யாருக்கும் எதையும் படித்துக் காட்டவில்லை.

அவனை அன்றே சஸ்பெண்ட் செய்தார்கள். பத்து நாள் கழித்து விசாரணை. தலைமை ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கான்பூர்க்காரர், நரைத்த மீசை, கடுகடு என்று இருந்தார். தானியேலின் அறையில் காலை பதினொரு மணிக்கு உட்கார்ந்தோம். ராஜவேலு நின்றான். குணசுந்தரி சுருக்கெழுத்து நோட்டோடு ஓரத்தில். கையெழுத்துக்குச் சாட்சி என்று நான்.

அதிகாரி தாளை எடுத்து இங்கிலீஷில் கேட்டார், நீதானே போட்டாய் என்று. தானியேல் அதைத் தமிழில் கேட்டார்.

“நான் போடல சார். உயுந்து பூட்ச்சி” என்றான் ராஜவேலு.

தானியேல் அதை இங்கிலீஷில் சொன்னார்: தான் போடவில்லை என்கிறான். அதிகாரியின் புருவம் ஏறியது. அன்றைக்குப் போட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான், இன்றைக்குப் போடவில்லை என்கிறான். அப்படியென்றால் பொய்யன். பொய் சொல்கிறவன் வேண்டுமென்றேதான் செய்திருப்பான். கேஸ் முடிந்தது. ராஜவேலுவுக்கு எதுவும் விளங்கவில்லை, எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். தான் சொன்ன ஒரே விஷயத்தைத்தான் இரண்டு தடவையும் சொன்னான், பாவம்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். இது அவனுக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டதா?

என் வாயிலிருந்து ‘எஸ் சார்’ என்று வந்துவிட்டது.

குணசுந்தரியின் பென்சில் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த அந்தத் தாளைப் பார்த்தாள், அவளே அடித்த தாள். எழுந்து நின்றாள். டைப்பிஸ்ட் எழுந்து பேசுகிற வழக்கம் அந்தக் கம்பெனியில் கிடையாது. தானியேல் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“உஸ்னே கிராயா நஹீ, சாப்” என்றாள் இந்தியில். “உஸ்ஸே கிர் கயா.”

நான் தார் பூசிய பாஷை. ஆனால் இரண்டரை வருஷம் அவள் தாள்களைப் பார்த்துப் பழகியவனுக்கு அர்த்தம் புரிந்தது. அவன் போடவில்லை. அவனிடமிருந்து விழுந்து போயிற்று.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவள் பேசிக்கொண்டே போனாள், இங்கிலீஷும் இந்தியும் கலந்து. அவன் சொன்ன தமிழ் வார்த்தை ‘விழுந்து போச்சு’. தெலுங்கில் ‘படிப்போயிந்தி’. உங்கள் பாஷையில் ‘கிர் கயா’. மூன்றிலும் முதலில் விழுகிறது, அப்புறம் போகிறது, மூன்றிலும் ஆளே இல்லை. உங்கள் வீட்டில் பிள்ளை கையிலிருந்து தம்ளர் நழுவினால் என்ன சொல்லும்? நான் போட்டேன் என்றா சொல்லும்? அவன் அதைத்தான் சொன்னான். ‘நான் போட்டேன்’ என்பது அவன் வாக்கியம் இல்லை, நான் அடித்தது.

கான்பூர்க்காரர் தனக்குள் ஒரு தடவை ‘கிர் கயா’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் ராஜவேலுவை நிமிர்ந்து பார்த்து நேரே கேட்டார். “கிர் கயா?”

ராஜவேலு குணசுந்தரியைப் பார்த்தான்.

“உயுந்து பூட்ச்சான்னு கேக்கறாரு அண்ணே.”

“அதத்தானம்மா நானும் மொதல்லேர்ந்து சொல்லிக்கினு கீறேன்” என்றான் அவன்.

அதிகாரி சிரித்துவிட்டார். பத்து நாள் சஸ்பெண்டே தண்டனையாகப் போதும், எச்சரித்து வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். ராஜவேலு வெளியே போய் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்து அழுதான்.

வாக்குமூலத்தை மாற்றி எழுதியவள் யார், படித்துக் காட்டியதாக ஏன் எழுதப்பட்டது என்று மேலிடம் கேட்காமல் இருக்குமா? மறுவாரம் குணசுந்தரிக்கு மெமோ வந்தது. அவள் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. தானியேலுக்கு மனசு கேட்கவில்லை, பதிலை அவரே பென்சிலால் எழுதிக்கொண்டுவந்து கொடுத்தார். அவசரத்தில் மொழிபெயர்ப்பில் பிழை நேர்ந்துவிட்டது, வருந்துகிறேன் என்று. அதை அப்படியே அடித்துக் கொடுத்தால் ஓர் எச்சரிக்கையோடு போயிருக்கும். ஆபீஸ்காரர்கள் எல்லாரும் பிழைத்துவந்த வாக்கியம் அது.

அவள் தாளை மெஷினில் ஏற்றினாள். நான் எழுந்து பின்னால் போய்ப் பார்த்தேன். ஐ ரோட் இட். ஹி டிட் நாட் சே இட். அதற்குக் கீழே, நான் அவனுக்குப் படித்துக் காட்டவில்லை, படித்துக் காட்டியதாகச் சாட்சியை நம்பவைத்தேன்.

தானியேலின் பென்சில் தாளை எடுத்து அவள்முன் நீட்டினேன்.

“இன்னாம்மா இது? தானியேல் சாரு எழுதிக் குடுத்ததயே போடேன். உனுக்கு இன்னா பேஜாரு?”

“ராஜவேலு அண்ணனுக்கு அது உயுந்து பூட்ச்சி சார்” என்றாள், மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல். “எனக்கு இது உயுந்து பூடல. நான் அடிச்சேன்.”

“அந்தக் கடசி வரி? நீ எங்க என்ன நம்பவெச்ச?”

“உங்களுக்கு ரெண்டு கொயந்திங்க இருக்குது சார். உக்காருங்க.”

நான் போய் உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை கணக்கு முடித்து அனுப்பினார்கள். சாயங்காலப் பாசஞ்சருக்கு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மணலில் மெதுவாக நடந்துபோனாள். அன்றைக்கு அவளுக்கு அவசரம் ஒன்றுமில்லை. ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் மேசையில் மறுநாள் இன்னொரு பெண் வந்தது. சுத்தமாக அடிக்கும், வேகமாக அடிக்கும். எந்த லாரிக்காரரிடமும் எதையும் கேட்டதில்லை. சர்தார் மட்டும் இரண்டு தடவை விசாரித்தார், பசி பசி என்று கேட்குமே அந்தப் பெண் எங்கே என்று.

அடுத்த திங்கட்கிழமை ராஜவேலு ஏரியிலிருந்து மடவை மீன் கொண்டுவந்தான், தாமரை இலையில் கட்டி. “நீங்களும் அந்தம்மாவும் இல்லன்னா நான் தெருவுல நின்னிருப்பேன் சார்” என்று கும்பிட்டான். அந்த மீனை வாங்கிக்கொண்டேன். வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். தொண்டையில் இறங்கியது, அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

ஆறு மாதத்தில் அவளை ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். தெலுங்கு பேசுகிற வீடு என்று மணவாளன் பெருமையோடு சொன்னாராம், பெண்ணுக்குச் சிரமமிருக்காது என்று. பத்திரிகை தபாலில் வந்தது. மூலையில் அவள் கையெழுத்தில் ‘அவசியம் வரணும் சார்’ என்று இருந்தது. போக முடியவில்லை என்று இத்தனை வருஷம் சொல்லிவந்தேன். முடியாமல் எல்லாம் இல்லை. போகவில்லை.

அந்தக் கம்பெனியில் இன்னும் இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்தேன். மாலை போட்டு அனுப்பினார்கள், நல்ல பெயரோடு வெளியே வந்தேன். என் மனைவியிடம்கூட, விசாரணையில் அந்த ‘எஸ் சார்’ வாய் தவறி வந்துவிட்டது என்றுதான் சொல்லியிருக்கிறேன். கான்பூர்க்காரர் கேட்டபோது நான் ராஜவேலுவைப் பார்த்தேன், குணசுந்தரியைப் பார்த்தேன், வீட்டை நினைத்தேன். மூன்றையும் செய்ய எனக்கு நேரம் இருந்தது. படித்துக் காட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். அது வாயிலிருந்து வந்துவிடவில்லை. நான் சொன்னேன்.